செவித்தொண்டு

தொண்டு என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே சைவ மக்களின் உள்ளத்தில் எழுவன உழவாரப் பணியும், நந்தனவனம் வைத்தலும், திருவிளக்கிடுதலும், அடியார்க்கு அமுதளித்தலும் போல்வனவேயாம். இவையெல்லாம் கைகளாற் செய்யப்படுவன. செய்து முடிந்தபின் செய்ததன் அடையாளம் கண்முன் நிற்பன. புல் செதுக்கிய திருவீதி தூயதாய்த் தோன்றும். தொடுத்த மாலை இறைவன் திருமேனியில் விளங்கும். அடையாளம் யாதும் எஞ்சாத தொண்டும் ஒன்றுண்டு. அது பிறர் துன்பத்தைச் செவிகொடுத்துக் கேட்டல். சென்னை மயிலாப்பூரில் வாழும் ஓரன்பர், அரசாங்க அலுவலகம் ஒன்றிற் கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர், செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை இத்தொண்டினை மேற்கொண்டிருக்கின்றார். அவர் பெயரும், அவர் சார்ந்த நிலையத்தின் பெயரும் ஈண்டு வேண்டா. பெயர் கூறாமையும் பெயர் வினவாமையுமே அத்தொண்டின் முதல் விதிகளாம். அவர்முன் இருப்பன ஒரு மேசையும், ஒரு தொலைபேசியும், ஒரு குறிப்பேடும், ஒரு செம்பு தண்ணீருமே.

அத்தொலைபேசியில் அழைப்போர் யாவரெனின், நோயாளரல்லர். நோயாளரைத் தம் வீட்டில் வைத்துப் பேணுவோர். பக்கவாதத்தாற் படுக்கையிற் கிடக்குந் தந்தையைப் படுக்கைப் புண் வாராதபடி இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் மகன். மூக்குக் குழாய் வழியே தாய்க்குக் கஞ்சி செலுத்தும் மகள். ஐம்பதாண்டு தன்னோடு வாழ்ந்த கணவன் தன்னை நோக்கி, ‘நீ யார்?’ என்று வினவ, அவனுக்குச் சட்டைப் பொத்தான் இட்டுவிடும் மூதாட்டி. நோயாளரைப் பார்க்க வருவோர் பலர். அவர்கள் பழம் கொணர்வர், மருத்துவர் பெயர் சொல்வர், ‘இப்பொழுது எப்படி இருக்கிறார்?’ என்று கேட்பர். பேணுகின்றவரை நோக்கி, ‘நீர் எப்படி இருக்கிறீர்?’ என்று கேட்பார் அரியர். அவ்வொரு கேள்விக்காகவே இத்தொலைபேசி ஏற்பட்டது என்னலாம்.

இத்தகையோர் தொகை சிறிதன்று. மறதி நோயை மட்டுமே எடுத்துக்கொள்ளினும், 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இந்திய நாட்டில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையாருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், அந்நோய்வாய்ப்பட்டுள்ளனர் என மதிப்பிட்டது. நம் நாட்டில் இவருட் பெரும்பாலாரும் வீட்டிலேயே பேணப்படுகின்றவராதலின், ஒவ்வொருவர் பின்னும் தூக்கம் இழந்த ஒருவரேனும் உளர். அமெரிக்க நாட்டில் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்னும் இருவர் இந்நோயாளரைப் பேணுவோர்க்கென 1981 ஆம் ஆண்டில் எழுதிய நூலுக்கு ‘36 மணி நேர நாள்’ எனப் பொருள்படும் பெயரிட்டனர். அப்பெயரின் பொருளை விளக்கச் சொல்லி எந்தப் பேணுநரும் கேட்டிரார்.

தொலைபேசி வழியே துயர் கேட்கும் இம்முறையின் தோற்றம் அறியத்தக்கது. இலண்டன் மாநகரிற் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் என்னுங் கிறித்தவ ஆலயத்தின் குருவாயிருந்த சாட் வாரா என்பார், தற்கொலை எண்ணங் கொண்டோர் தம்மை அழைத்துப் பேசுமாறு 1953 ஆம் ஆண்டில் ஒரு தொலைபேசியை ஏற்படுத்தினார். அழைத்தவர் பலர், நேரில் வந்தவரும் பலர். வந்தவர் தம் முறை வரும்வரை வெளியறையிற் காத்திருக்குங்கால், அங்கே உதவிக்கு வந்த பொதுமக்கள் அவர்கட்குத் தேநீர் கொடுத்து உடனிருந்தனர். சில நாளில் ஒரு புதுமை புலப்பட்டது. காத்திருந்தோர் பலர் அவ்வன்பரிடமே தம் மனத்தைக் கொட்டிவிட்டு, குருவைக் காணாமலே ஆறுதலுற்றுத் திரும்பினர். கற்ற குருவின் அறிவுரையினும் கல்லா அன்பரின் செவி மிகுதியும் பயன்பட்டது! அதனை மறையாது ஒப்புக்கொண்டு, மறு ஆண்டிலேயே தொலைபேசிப் பணியை அவ்வன்பரிடம் ஒப்புவித்த அக்குருவின் பெருந்தன்மை பாராட்டற்பாலது. அச்சங்கமே ‘சமாரிட்டன்ஸ்’ எனப் பெயர் பெற்றது. நம் சென்னையில் 1986 ஆம் ஆண்டில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘சினேகா’வும் அவ்வழியிற் பட்டதே. இவை தற்கொலை தடுத்தற்கு எழுந்தன. பேணுவோரின் துயரை ஊரறியச் செய்தவர் வேறொருவர். இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்னும் அம்மையார், பெற்றோரைப் பேணுதற்காகத் தம் பணியை விட்டவர், 1963 ஆம் ஆண்டிற் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்களைக் கண்டு, தம்மைப் போலவே அடைபட்டுக் கிடந்த பெண்டிர் பலர் அவர்க்கு மறுமொழி எழுதினர். 1965 ஆம் ஆண்டில் அவர்கட்கென ஒரு சங்கம் எழுந்தது. அதுவரை அப்பெண்டிர் ஒவ்வொருவரும், இத்துன்பம் உலகில் தமக்கொருவர்க்கே நேர்ந்ததென எண்ணியிருந்தனர் போலும்.

மயிலாப்பூர் அன்பர் இப்பணிக்கு வந்தது நூல் கற்றன்று. அவர்தம் மனைவியார் மறதி நோயுற்று எட்டாண்டு அவர் கையிலே இருந்து மறைந்தார். மறைந்த சில திங்களிலேயே அவர் நிலையத்தை அணுகித் தொண்டு செய்ய விரும்புவதாகக் கூறினார். நிலையத்தார் மறுத்தனர். தம் துயர் ஆறாதவர் பிறர் துயரைக் கேட்கப் புகின், கேட்பது தம்முடையதேயாய்விடும் என்பது அவர்கள் கொள்கை. ஓராண்டு கழித்து வருமாறு கூறினர். அவரும் ஓராண்டு கழித்து வந்தார். பயிற்சியில் அவர்க்கு முதற்கண் விலக்கப்பட்டது, ‘என் வீட்டிலும் இப்படித்தான்’ என்று தொடங்குவது. எட்டாண்டு பட்டறிவு நாவின் நுனியில் நிற்க, அதனை விழுங்கிப் பிறர் கதையைக் கேட்டல் எளிதன்று. அடுத்து விலக்கப்பட்டது, ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்னுஞ் சொல். பொறுத்துக்கொண்டு இருப்பவரே அழைக்கின்றனர். மேலும் பொறுக்கச் சொல்லுதற்கு ஒரு தொலைபேசி வேண்டுவதில்லை. மூன்றாவதாக விலக்கப்பட்டதே சைவ மக்களாற் சிறப்பாகச் சிந்திக்கத்தக்கது.

அழைப்போருட் பலர், ‘எங்கள் அம்மா என்ன பாவம் செய்தார்? நான் என்ன பாவம் செய்தேன்?’ என்று வினவுவர். அவ்வன்பரோ வாரந்தோறும் சித்தாந்த வகுப்பிலிருந்து மெய்கண்ட நூல்களைப் பாடங்கேட்டவர். வினைக்கு விடை அவர் அறியாததன்று. ஆகாமியம், சஞ்சிதம், பிராரத்தம் என வினை மூவகைப்படும் என்பதும், அவற்றுட் பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பதும் அவர்க்கு நன்கு தெரியும். அவர் அதனைச் சொல்வதில்லை. அற்றேல், உண்மையை மறைத்தல் குற்றமன்றோ எனின், அன்று. ஆசிரியன் மாணாக்கனது பரிபாகம் நோக்கியன்றி உபதேசஞ் செய்யான் என்பது நம் நூல்களின் துணிபு. சத்திநிபாதத்தில் நால்வகை கூறியதும் அதுபற்றியே. இரவில் மூன்றுமுறை தாயின் படுக்கைத் துணி மாற்றிய கையோடு ஒருத்தி ‘என்ன பாவம்?’ எனக் கேட்கின், அது வினாவன்று, அழுகை. அழுகைக்கு விடை கூறப் புகுதல் கேளாமையின் ஒரு வகையேயாம். மேலும், வினைக்கோட்பாடு ஒருவன் தன்மேல் வைத்துப் பார்த்துத் தெளிதற்கு உரியது. பிறர் துன்பத்தின்மேல் எறிதற்கு உரியதன்று. அதனை எறிவார் பலர் கோயில் வாயிலிலேயே காணப்படுகின்றனர் என்பது வருந்தத்தக்கது. இவ்வினா எழும்பொழுதெல்லாம் அவ்வன்பர், ‘இன்று இரவு மிகவும் கடினமாயிருந்ததா, அம்மா?’ என்று மட்டுமே கேட்பார். அதன்பின் அவர் பேச வேண்டுவதில்லை.

அழைப்பவர் தொடக்கத்திற் கேட்பது பெரும்பாலும் வேறு. சக்கர நாற்காலி எங்கே வாடகைக்குக் கிடைக்கும்? வீட்டுக்கு வரும் செவிலியர்க்கு என்ன கொடுப்பது? தூக்க மாத்திரை பாதி கொடுக்கலாமா? மருந்து பற்றிய வினாவை மருத்துவரிடமே கேட்குமாறு கூறுவது விதி. ஏனையவற்றுக்கு விடை ஏட்டில் உண்டு. விடை கிடைத்தபின், ‘சரி ஐயா, வைத்துவிடட்டுமா?’ என்பர், ஆனால் வையார். அந்த இடைவெளியிலேதான் உண்மைச் செய்தி வெளிப்படும். அதனை அறியாத புதியவர், ‘நன்று, வணக்கம்’ என்று முந்திக்கொள்வர்.

மருமகள் ஒருத்தி கூறினாள்: ‘மாமியார் வளையலைத் தாமே எங்கோ வைத்துவிட்டு, நான் திருடிவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்கிறார், ஐயா. இருபது வருடமாக அவருக்குச் சோறு போடுகிறேன்.’ மறதி நோயில் இஃது அடிக்கடி நிகழ்வது. பொருளை வைத்த நினைவு அழிந்துவிடுகின்றது. அழிந்த இடத்தை மனம் ஒரு கதையால் நிரப்பிக்கொள்ளுகின்றது. அக்கதையிற் கள்வராக அமைபவர் எப்பொழுதும் அருகிலிருப்பவரே. தொலைவிலிருந்து திருநாளுக்கு வரும் மக்கள் ஒருநாளும் திருடராவதில்லை! ‘நான் எடுக்கவில்லை’ என்று வாதிடின் நோயாளரின் அச்சம் மிகும். ‘வாருங்கள், இருவருமாகத் தேடுவோம்’ என்று உடன் தேடின் தணியும். விலை குறைந்த வளையல் இரண்டை ஒத்த வடிவில் வாங்கி வைத்துக்கொள்ளுதலும் உதவும். இவற்றை அன்பர் கூறினார். ஆயினும் அப்பெண்ணுக்கு அன்று வேண்டியிருந்தது, அவள் திருடவில்லை என்பதை ஒருவர் நம்புதலே.

மாலை ஆறு மணியளவில் அழைப்புக்கள் மிகும். அந்திப்பொழுதில் மறதி நோயாளர் பலர்க்குக் கலக்கம் மேலிடும். தம் வீட்டிலிருந்துகொண்டே, ‘வீட்டுக்குப் போகலாம், வா’ என்று வாயிலை நோக்கி நடப்பர். ‘இதுதான் வீடு’ என்று எத்துணை முறை கூறினும் பயனில்லை. அவர் தேடுவது அறுபதாண்டுக்கு முன் தாயோடு இருந்த வீடாயிருத்தல் கூடும். இருள் வருமுன்னரே விளக்கேற்றிவிடுதலும், தொலைக்காட்சியின் ஓசையைக் குறைத்தலும், செருப்பணிந்து தெருமுனைவரை உடன் சென்று திரும்பி, ‘வீடு வந்துவிட்டது’ என்று உள்ளே அழைத்து வருதலும் பல வீடுகளிற் பலித்த வழிகள். இவற்றைக் கூறும்பொழுது அவ்வன்பரின் குரல் சிறிது மாறுமென உடன் பணிசெய்வார் கூறுவர். தெருமுனைவரை எத்துணை மாலை அவரே நடந்தாரோ!

ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்குச் சற்று முன் வந்த அழைப்பு பலவகையானும் கருதத்தக்கது. அடையாளம் புலப்படாதபடி சிலவற்றை மாற்றியே அது ஈண்டுச் சொல்லப்படுகின்றது. பேசியவள் மணமாகாத பெண். பத்தாண்டாகப் படுக்கையிலிருக்கும் தாயைத் தனியே பேணுகின்றவள். உடன்பிறந்தான் வேற்றூரிற் குடும்பத்தோடு இருக்கின்றான். முதலில் அவள் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கேட்டாள். பின்னர் நெடிது ஒன்றும் பேசவில்லை. பின்னர், ‘அம்மா இன்று இரவே போய்விட்டால் தேவலை என்று நினைத்தேன், ஐயா. நினைத்தது மட்டுமில்லை, கையை ஓங்கிவிட்டேன்’ என்றாள்.

இவ்விடத்து ஒருவன் என்ன சொல்லத்தக்கவன்? ‘அப்படியெல்லாம் நினைக்கலாமா?’ என்றிருப்பின் அவள் தொலைபேசியை வைத்திருப்பாள். பின்னர் ஒருவரிடமும் வாய் திறந்திராள். ‘அதனால் என்ன, எல்லார்க்கும் நேர்வதுதானே’ என்றிருப்பினோ, அவள் உட்பட்ட நெருப்பைச் சாம்பலென்று கூறியதாகும். அவ்வன்பர் சிறிது பொழுது ஒன்றுஞ் சொல்லவில்லை. பின்னர், ‘கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அம்மா’ என்றார். அவள் அழுதாள். அழுகை அடங்கியபின், நிலையத்தின் விதிப்படி, ஓங்கிய கை என்ன செய்தது என்று நேரே வினவினார். இத்தகைய வினாவை மழுப்பிக் கேட்டல் நோயாளர்க்கும் தீது, பேணுநர்க்கும் தீது. கை சுவரில் அறைந்தது என்றாள். தாய் உறங்குகின்றாள் என்றாள். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுண்டா என்றும் நேரே வினவினார். இல்லை என்றாள். ‘இன்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்றார். காலையிற் குடித்த காப்பியன்றி வேறில்லை. ‘நான் இணைப்பிலேயே இருக்கிறேன், அடுக்களையில் என்ன இருக்கிறது, பாருங்கள்’ என்றார். அவள் தயிர்ச்சோறு பிசைந்து உண்ணுமளவும் அவ்விணைப்பு அறாதிருந்தது. இடையே இருவரும் பேசியது சிறிது. உடன்பிறந்தானிடம் மாதத்தில் இரண்டு நாள், பணமன்று, இரண்டு நாள் கேட்பது எப்படி என்பதை இருமுறை சொல்லிப் பார்த்தனர். கையை ஓங்க நேரும்பொழுது கட்டிலின் காவற்கம்பியை ஏற்றிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுக என்று அவர் கூறினார். பொறுப்பாளர்க்கும் அன்றே செய்தி தெரிவித்தார். அப்பெண் மீண்டும் அழைத்தாளல்லள். உடன்பிறந்தான் வந்தானா, இல்லையா? அவ்வன்பர்க்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியுமில்லை.

திலகவதியம்மையார் வரலாற்றைச் சைவ உலகம் நன்கறியும். மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டார், பெற்றோரும் மறைந்தனர். உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியார் உயிர் தாங்கும்பொருட்டு உயிர் தாங்கினார். அத்தம்பியாரோ புறச்சமயம் புகுந்தார். அம்மையாரின் பொறுமையைப் போற்றிப் பேசாத மேடையில்லை. அப்பேச்சுக்களில் ஒன்று விட்டுப்போகின்றது. அம்மையார் வாய்மூடிப் பொறுத்திருந்தாரல்லர். திருவதிகை வீரட்டானத்து இறைவரிடம் தம் கவலையைப் பன்முறையும் சொல்லி முறையிட்டார் என்றும், இறைவரும் கனவில் தோன்றி மனக்கவலையை ஒழிக்குமாறு அருளினார் என்றும் சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார். பிறரைத் தாங்கும் அத்தகைய அம்மையார்க்கும் தம் சொல்லைக் கேட்கும் ஒரு செவி வேண்டியிருந்தது. இன்று வீட்டிலடைந்து கிடக்கும் மகளை நோக்கித் திலகவதியாரைப் போல் இரு என்பார், அவர் சொல்லைக் கேட்பார் யாவர் என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

வெறும் பேச்சினால் என்ன பயன் என்பாரும் உளர். நியூயார்க் நகரில் மேரி மிட்டல்மன் என்னும் ஆராய்ச்சியாளரும் குழுவினரும், மறதி நோயுற்ற கணவனையோ மனைவியையோ பேணும் 406 பேரை நெடுநாள் ஆராய்ந்து 2006 ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். அவருட் பாதிப்பேர்க்குத் தனியேயும் குடும்பத்தோடும் கலந்துரையாடலும், ஒத்த நிலையினர் கூட்டமும், வேண்டும்பொழுது தொலைபேசியில் அழைத்துப் பேசும் உரிமையும் அளிக்கப்பட்டன. இவ்வாதரவு பெற்றோர், வழக்கமான உதவி மட்டும் பெற்றோரை நோக்க, நோயாளரைப் பேணிடத்திற் சேர்க்க நேர்ந்த நாள் இடைநிலையில் 557 நாள் தள்ளிப்போயிற்று. பேணுவோர்க்கு வருங் கேட்டினைச் சொல்லும் ஆராய்ச்சியும் உண்டு. தம் துணைவரைப் பேணி அதனால் மனவருத்தமுற்ற முதியோர் நான்காண்டுக்குள் இறந்த அளவு, அப்பொறுப்பில்லாத முதியோரினும் நூற்றுக்கு 63 பங்கு மிகுதி என 1999 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளியிடப்பட்டது. நோயாளர்க்கு முன் பேணுநர் மறைதல் நம் தெருக்களிலும் காணாததன்று.

இத்தொண்டின் எல்லையும் சொல்லத்தக்கது. தொலைபேசி ஒரு நோயாளரையும் தூக்கி உட்காரவையாது. முதியோர்க்கென 14567 என்னும் எண்ணும், மனநலத்துக்கென 14416 என்னும் எண்ணும் அரசாங்கத்தாரால் ஏற்படுத்தப்பட்டுள. அவற்றை அன்பர் பலர்க்கும் கூறுவர். 2007 ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் தம் மக்களிடமிருந்து பராமரிப்புப் பொருள் பெறுதற்கு வழி வகுத்தது. நள்ளிரவிற் கட்டிலருகே நிற்கும் கை எந்தப் பிள்ளையுடையது என்பதை அது வகுத்திலது. நடைமுறையில் அக்கை பெரும்பாலும் மருமகளுடையதாகவோ மணமாகாத மகளுடையதாகவோ இருக்கின்றது.

குடும்பச் செய்தியை அயலாரிடம் சொல்லுதல் மானக்கேடு என்று கருதுவோர் அழைப்பதில்லை. அழைப்பினும், ‘என் சிநேகிதி ஒருத்திக்கு’ என்று தொடங்குவர். அச்சிநேகிதியின் துயரையே கேட்டு விடையிறுத்தல் நாகரிகம். கடல்கடந்து வாழும் ஆண்மக்களும் அழைப்பதுண்டு. தாய்க்கு நடப்பதைச் சுவரிற் பொருத்திய கண்காணிப்புக் கருவியில் கண்டு, தங்கையின்மேற் குற்றங் கூறுவர். அவர்க்கும் செவி கொடுக்கவேண்டும். குற்றங் கூறும் அக்குரலின் அடியில் இருப்பது, தான் அங்கில்லையே என்னும் வருத்தமே. ஆயினும் இவ்வழைப்புக்களைக் கேட்டல் தமக்கு மிகவும் கடினமென அவ்வன்பர் ஒளிவின்றிக் கூறுவர்.

கேட்பவர்க்கும் சுமையுண்டு. முறை முடிந்தபின் பொறுப்பாளரோடு கால்மணி நேரம் பேசிவிட்டே செல்லவேண்டும் என்பது நிலையத்தின் கட்டளை. அதன்பின் அவர் கபாலீச்சரத்து மாடவீதியை ஒருமுறை சுற்றி வீடு சேர்வர். குறிப்பேட்டில் எழுதியவற்றை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாகாது. மனத்திற் பதிந்தவற்றுக்கு அவ்விதி செல்லுவதில்லை. சில வெள்ளிக்கிழமைகளில் உணவு இறங்குவதில்லை என்பர்.

நோயாளர் மறைந்தபின்னும் அழைப்போர் உளர். விடியல் நான்கு மணிக்கு மருந்து கொடுத்த பழக்கத்தால் நான்கு மணிக்கு விழித்து, எழுந்து, என்ன செய்வதென அறியாது நிற்போர் அவர். அண்மையில் முதியவர் ஒருவர் அழைத்தார். மனைவியார் மறைந்து இருபது நாளாயிற்றாம். சக்கர நாற்காலியும், பிரியாத இடைத்துணிக் கட்டு மூன்றும் வீட்டிலிருக்கின்றன; யார்க்கேனும் பயன்படுமா என்று கேட்டார். முகவரி தருவதாக அன்பர் கூறியும் அவர் எழுதுகோல் எடுக்கவில்லை. மனைவியார் கோலமிடும் திறம், நோயின் முடிவிலும் கோலமாவைக் கண்டால் விரல் அசைந்தது, மருத்துவமனையில் ஒரு செவிலியின் அன்பு என நாற்பது நிமிடம் பேசினார். பின்னர், ‘முகவரி சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்’ என்றார். அன்பர் திருவான்மியூரிலுள்ள முதியோரில்லம் ஒன்றின் முகவரியை மெல்லச் சொன்னார். முதியவர் அதனைத் திருப்பிப் படித்துக் காட்டி, நாற்காலியைத் துடைத்துத் திங்கட்கிழமை அனுப்புவதாகக் கூறி வைத்தார்.